தட்டுக்கு அடியில் வைத்த சீட்டு

ஈரம் பார்க்க உங்களிடம் மீட்டர் இருக்கிறது. எங்கள் காலத்தில் பல்தான். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலைக் காயை, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம், உடைத்துப் பருப்பின் தோலைத் தேய்த்துப் பார்ப்போம், கடைசியில் கடித்துப் பார்ப்போம். காய்ந்த பருப்பு டக்கென்று உடையும். ஈரப் பருப்பு பல்லுக்கு அடியில் நசுங்கும். தரம் பார்க்கிற வேலைக்கு வந்த முதல் வாரம், சர்க்கரை தூக்கலாகக் காபி குடித்துவிட்டுப் போய்க் கடித்தேன். நல்ல காயெல்லாம் கசந்தது. பதினோரு மூட்டையைக் கசப்பு என்று ஒதுக்கி வைத்து, அன்று முழுக்க எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் நாள் வரை, காலை வேலை முடிகிற மட்டும் வாயில் தண்ணீர் தவிர வேறு எதுவும் படவிட்டதில்லை.

ஆனால் இந்த மாதிரி உருப்படியான விஷயங்களை நீங்கள் யாரும் என்னிடம் கேட்பதில்லை. தர அறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றைத்தான். திண்டிவனத்தில் நல்ல வேலையில் இருந்தவள் ஏன் அதை விட்டுவிட்டு விழுப்புரம் வந்தேன் என்று. அதற்கு ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருக்கிறீர்கள். கல்யாணம் என்றும், அடிதடி என்றும், ஒரு புத்திசாலி மட்டும் பேய் பிடித்தது என்றும் சொன்னதாகக் கேள்வி. நானே சொல்லிவிடுகிறேன். நீங்களும் எங்காவது ஒரு மானேஜருக்கு எதிரே நிற்கத்தான் போகிறீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டிவனத்தில் ஒரு பருப்பு மில். சுற்று வட்டாரத்து மல்லாட்டையெல்லாம் அங்கே வரும். மிஷினில் தோல் உடைத்து, பெண்கள் உட்கார்ந்து சொத்தை, சூம்பல் எல்லாம் பொறுக்கிப் போட்டு, நல்ல பருப்பை லாரியில் மெட்ராசுக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊர் வானூர் பக்கம். நிலம் இல்லாத குடும்பம். அப்பா இல்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அந்த மில்லில் பருப்புப் பொறுக்கத்தான் போனேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஆறே மாதத்தில் சாம்பிள் அறைக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறி வந்து போவேன். தம்பி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்பும் வீட்டு உலையும் என் ஒருத்தி சம்பளத்தில் நடந்தன.

சாம்பிள் அறையின் வழக்கம் இது. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மூட்டையின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் கைவிட்டுக் காயை எடுத்து ஒரு எனாமல் தட்டில் கொட்டுவோம். யாருடைய சரக்கு என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டின் மேல் வைப்போம். பார்த்து முடித்ததும் முதல் தரம், இரண்டாம் தரம், தள்ளுபடி என்று அந்தச் சீட்டிலேயே எழுதுவோம். சீட்டு மேலே இருந்தால் பெயர்தான் முதலில் கண்ணில் படும். பெயரைப் பார்த்தபின் காயைப் பார்த்தால் பாதித் தீர்ப்பு முன்னாலேயே ஆகிவிடும். இது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு சீட்டைத் தட்டுக்கு அடியில் வைக்க ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

நாலாவது வருஷம், சாம்பிள் அறை சூப்பர்வைசர் வயதாகி வேலையை விட்டுப் போனார். அடுத்து நான்தான் என்று மில்லில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். அந்த மாதம் ஒரு புதுப் புடவைகூட எடுத்தேன். சிரிக்காதீர்கள்.

வந்தது பாஸ்கர். மானேஜருடைய மனைவியின் தம்பி. பி.காம். படித்திருந்தார், மல்லாட்டையைத் தின்றுதான் பழக்கம். மானேஜர் அவரை என் மேஜைக்கு அழைத்து வந்தார்.

"எஸ்தர், இவருக்குக் கொஞ்சம் வேலையைச் சொல்லிக்குடும்மா. படிச்ச புள்ள, ஜல்தியா புடிச்சிக்குவாரு."

சொல்லிக் கொடுத்தேன். மனசார, ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக் கொடுத்தேன். ஆட்டிப் பார்ப்பது, தேய்ப்பது, கடிப்பது, காபி விவகாரம் உட்பட எல்லாம். பாஸ்கரும் நன்றாகவே பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். மூன்றாவது மாதம் அவரை சூப்பர்வைசர் ஆக்கி உத்தரவு வந்தது. உத்தரவு வந்த அன்றே அவர் செய்த முதல் காரியம், சீட்டுகளை மறுபடியும் தட்டின் மேல் வைக்கச் சொன்னது.

அந்த மில்லின் அரசியல் முழுக்க மதியச் சாப்பாட்டில் தெரியும். மானேஜர் அறையில் ஒரு நீள மேஜை. யாருடைய டிபன் கேரியர் அந்த மேஜையில் திறக்கிறதோ அவருக்கு லீவு கிடைக்கும், முன்பணம் கிடைக்கும், செய்த தப்பு மறக்கப்படும். அந்த மேஜைக்கு இடம் பிடிக்க ஒருவரைப் பற்றி ஒருவர் போட்டுக் கொடுப்பார்கள். கோலியனூர் பக்கத்துத் தரகர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் அந்த மேஜையில்தான் சாப்பிடுவார். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. காரணம் நான் எந்தத் தெருவிலிருந்து வந்தேன் என்பதுதான். நான் பருப்புப் பொறுக்குகிற பெண்களின் கொட்டகையில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடும் அங்கேதான் ருசியாக இருந்தது, பேச்சும் அங்கேதான் ருசியாக இருந்தது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் அந்தத் தரகரின் சரக்கு வந்தது. நான் தட்டில் கொட்டும்போதே விரலில் ஈரம் தட்டியது. எடை ஏறுவதற்காகத் தண்ணீர் தெளித்த காய். பாஸ்கர் தட்டை இழுத்தார், சீட்டைப் பார்த்தார், ஒரு காயைக்கூட உடைக்காமல் முதல் தரம் என்று எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள்தான் ஒரு சரக்கைப் பற்றி நான் சொல்லப்போக, நாலு பேர் எதிரில் அவர் என்னை அடக்கியிருந்தார். "நீ எழுதுற வேலைய மட்டும் பாரு. பாக்கறது என் வேலை" என்றார். அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது. போகட்டும், ஒரு நாள் மாட்டட்டும், அப்போது தெரியும் யார் லாயக்கு என்று. அப்படித்தான் நினைத்தேன். நினைத்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

ஈரக் காய் நல்ல காயோடு ஒரே அம்பாரத்தில் கலந்தது. உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்தது. பொறுக்கிய பெண்கள் எவ்வளவோ தள்ளியும் கண்ணுக்குத் தெரியாதது உள்ளே போயிற்று. மெட்ராசுக்குப் போன லாரி, சரக்கு வேண்டாம் என்று அப்படியே திரும்பி வந்தது. மாட்டப் போவது பாஸ்கர் என்று நான் காத்திருந்தேன். மறுநாள் காலை பொறுக்கும் பெண்களில் எட்டுப் பேரை, கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த எட்டுப் பேரில் கன்னியம்மாவும் ஒருத்தி. நான் முதன்முதலில் கொட்டகைக்குப் போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழக்கியவள்.

அன்று மாலை மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முதன்முறையாக உட்காரச் சொன்னார். டைப் அடித்த ஒரு காகிதத்தை நகர்த்தினார். சாம்பிள் அறையிலிருந்து போன சரக்கு நல்ல சரக்கு, கெட்டது பொறுக்கும் இடத்தில்தான், இதை நான் நேரில் கண்டேன் என்று என் பெயரில் எழுதியிருந்தது.

"வியாழக்கிழமை மொதலாளி வர்றாரு. அதுக்குள்ள ஒரு கையெழுத்து போட்டுடும்மா. விழுப்புரத்துல நம்ம கிளை தொறக்கப் போறோம். அங்க சாம்பிள் ரூமுக்கு உன்னையே சூப்பர்வைசரா போடச் சொல்லி நானே சொல்றேன்."

"யோசிச்சி சொல்றேன் சார்" என்றேன்.

யோசித்தேன், உண்மையாகவே யோசித்தேன். சூப்பர்வைசர் வேலை, பெரிய சம்பளம், தம்பியின் படிப்பு. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பஸ் ஏறிக் கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். கன்னியம்மா ஊர் அது. அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரம் நிற்கிற பஸ்களின் ஜன்னலுக்குக் கீழே, வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் வைத்துக் கூவி விற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னா எஸ்தரு, இந்தப் பக்கம்? வா, துன்னு" என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

கையில் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காய் ஈரம் என்று எனக்குத் தெரிந்ததையும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப தெரிஞ்சேதான் வுட்டியா?"

"ஆமாங்கா."

"அவனுக்குன்னு குழி நோண்டிக்கினு இருந்திருக்க. வுழுந்தது நாங்க எட்டுப் பேரு."

அழுகை வந்தது. அவள் அதைப் பார்த்துக் கரையவில்லை.

"இங்க வந்து அழுதுக்கினு இருந்தா எனுக்கு இன்னா ஆவப் போவுது? போயி மொதலாளி கிட்ட சொல்லு. உன் வேலைக்கு பேஜாருதான். அதுக்கு இன்னா பண்றது? எங்குளுக்கு மட்டும் பேஜாரு இல்லியா?"

அடுத்த பஸ் வந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். நான் அந்த மல்லாட்டையைத் தின்ன முடியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். உங்களுக்கு வர வேண்டியதை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டால் கோபம் வரும். வரட்டும், வராவிட்டால்தான் தப்பு. ஆனால் அந்தக் கோபத்தை வேலையில் காட்டாதீர்கள். நீங்கள் வேலையில் கைவிடுகிற ஒவ்வொன்றும் மேலே இருக்கிறவனைத் தொடாது, நேராகக் கீழே இருக்கிறவர்கள் தலையில்தான் விழும். கோபம் இருந்தால் வாயில் காட்டுங்கள், அதுவும் ஆள் முன்னால் காட்டுங்கள்.

வியாழக்கிழமை முதலாளி வந்தார். அன்று காலையும் அதே தரகரின் சரக்கு வந்திருந்தது. பாஸ்கர் வழக்கம்போல் முதல் தரம் எழுதி முடித்திருந்தார். மானேஜர் என்னை முதலாளி முன்னால் நிறுத்திக் காகிதத்தை நீட்டினார். நான் பேனாவைத் தொடவில்லை.

"ஐயா, இதுல இருக்கறது பொய். அந்தக் காய் வரும்போதே ஈரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல, அது என் தப்பு. பொறுக்கற பொம்பளைங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

பாஸ்கர் குதித்தார். "சூப்பர்வைசர் வேலை கெடைக்கலன்னு வயித்தெரிச்சல் சார் இவளுக்கு. என்னா வேணா சொல்லுவா."

"வயித்தெரிச்சல் உண்டுதான்" என்றேன். "அத்த அப்புறம் பேசிக்கலாம். ஐயா, அஞ்சு தட்டு கொண்டாறேன். யாரு சரக்குன்னு சீட்டு அடியில இருக்கும். அவரு பாத்து சொல்லட்டும்."

முதலாளிக்கு என்ன தோன்றியதோ, சரி என்றார். நானே போய் ஐந்து சரக்கிலிருந்து காய் எடுத்து வந்து மேஜையில் வரிசையாக வைத்தேன். மூன்றாவது தட்டு, காலையில் பாஸ்கர் முதல் தரம் எழுதிய அதே மூட்டையிலிருந்து எடுத்தது.

பாஸ்கர் உட்கார்ந்ததும் அவர் கை முதல் தட்டுக்கு அடியில் போயிற்று. பழக்கம். முதலாளி சிரித்துவிட்டார். "சீட்டை வுடுப்பா, காயைப் பாரு."

பார்த்தார். ஆட்டினார், உடைத்தார், தேய்த்தார், கடித்தார். முதல் தட்டு இரண்டாம் தரம். இரண்டாவது முதல் தரம். இரண்டும் மிகச் சரி. மூன்றாவது தட்டில் ஒரு காயைக் கடித்ததுமே முகம் சுளித்து, "தண்ணி தெளிச்ச காய் சார். தள்ளுபடி" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? நான் சொல்லிக் கொடுத்த ஆள், ஒரே கடியில் கண்டுபிடித்துவிட்டார். நான்காவது, ஐந்தாவது தட்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது தட்டின் சீட்டை எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். பக்கத்தில் காலைச் சீட்டையும் வைத்தேன். ஒரே தரகர், ஒரே சரக்கு. ஒன்றில் முதல் தரம் என்று பாஸ்கர் கையெழுத்தே இருந்தது. மானேஜர் மின்விசிறியைப் பார்த்தார். பாஸ்கர் கீழே பார்த்தார். அந்த ஆளுக்கு வேலை தெரியாமல் இல்லை. காயைப் பார்க்க அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி இரண்டு சீட்டையும் இன்னொரு முறை படித்தார். பிறகு, "அந்த எட்டுப் பேரையும் திங்கக்கிழமை வரச் சொல்லிடுங்க" என்றார். என்னைப் பார்த்து, "பாஸ்கர் சின்ன வயசு, போகப் போக சரியாயிடும். மானேஜர் இல்லன்னா எனக்கு இங்க ஒரு வேலையும் ஓடாது. நீயும் கொஞ்சம் அனுசரிச்சிப் போம்மா" என்றார்.

கதையில் வருகிற மாதிரி பாஸ்கரைத் துரத்திவிடுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், மன்னியுங்கள். மறுநாளே ஒரு உத்தரவு வந்தது. பாஸ்கருக்குத் திண்டிவனம், விழுப்புரம் இரண்டு இடத்துக்கும் பொறுப்பு. எனக்குச் சாம்பிள் அறையிலிருந்து வாசல் கேட்டுக்கு மாற்றம். உள்ளே வருகிற லாரி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். சம்பளம் குறைக்கவில்லை. குறைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கையும் கண்ணும் பல்லும் பழக்கி வைத்திருந்த ஒருத்தியை லாரி எண்ண உட்கார வைத்தார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். விட்டுவிட்டு வா என்று வீரமாகச் சொல்வாள் என்று நினைத்தால், திட்டினாள். "உனுக்கு வாயி ஜாஸ்தி. நாலு மாசம் பல்லைக் கடிச்சிக்கினு இரு. தம்பி படிப்பு முடியட்டும்." அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதற்காக ஒரு வாரம் கேட்டில் உட்கார்ந்தும் பார்த்தேன். ஏழாவது நாள், பாஸ்கர் என்னைத் தாண்டிப் போகும்போது கோலியனூர்த் தரகரின் லாரி வந்தது. நான் நம்பர் எழுதினேன். அந்த மூட்டைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசல் மண்ணில் கோடு போட்டிருந்தது. கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நம்பர் மட்டும் எழுத என்னால் முடியாது என்று அப்போது தெரிந்தது. லாரியை நிறுத்தி, கொட்டகைப் பெண்கள் கேட்கிற மாதிரி, "இந்தச் சரக்கு தண்ணி சரக்கு" என்று கத்தினேன். பாஸ்கரால் கேட்காதது மாதிரி போக முடியவில்லை. அந்த லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அன்று மதியமே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். பெரிய கடிதம் இல்லை. 'வேலை தெரிந்தவளை விட்டுவிட்டு உறவுக்காரரை மேலே வைத்ததாலும், பொய் எழுதித் தர மறுத்ததற்காக என்னைக் கேட்டுக்கு மாற்றியதாலும் இந்த வேலையை விடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மானேஜர் படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"யாரும்மா இப்பிடி எழுதுவா? குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு ஒரு வரி எழுது. எல்லாரும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. எழுதினா நல்லபடியா அனுபவச் சான்றிதழ் தர்றேன். நாலு வருஷம் வேலை பாத்தது வீணாப் போகாது."

அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேறு மில்லின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எங்க குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்ல சார்" என்றேன். "இருக்கறதெல்லாம் இந்த ஆபீசுலதான்."

"இந்த லெட்டர நான் வாங்க முடியாது."

"வாங்காதீங்க. நாளைக்கி நான் வரமாட்டேன். அதுக்கு உங்க கையெழுத்து வேணாம்."

"சர்டிபிகேட் இல்லாம எவன்மா உனக்கு வேலை குடுப்பான்?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அடுத்த இரண்டு மாதம் ஐந்து மில் ஏறி இறங்கினேன். ஐந்திலும் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் இரண்டு வேளையும் கேப்பைக் கூழ்தான். தம்பி பரீட்சைக் கட்டணத்துக்கு அக்கம்பக்கத்தில் கைநீட்டினான். ஆறாவதாக இங்கே, விழுப்புரத்தில், அவர்கள் கிளை அல்லாத இந்த மில்லில், ஏன் விட்டாய் என்று கேட்டவரிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன். அவரும் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். மூன்று நாள் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இதெல்லாம் நடக்கப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. கூழ் மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

ஆனாலும் மானேஜருக்குப் பதில் சொன்னேன்.

"அது என் பாடு சார். போறவ எதுக்குப் போறான்னு உங்க பைல்ல ஒரு காயிதமாவது உண்மையா இருக்கட்டும்."

கடிதத்தை அவருடைய நீள மேஜையில், டிபன் கேரியர்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நாலு வருஷத்தில் அந்த மேஜையில் நான் வைத்தது அது ஒன்றுதான்.